கருப்புக் கண் பட்டாணி

ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குப் பிறகு ஜெரால்டினும் ஈனிட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"கோந்த்வாவுல வீடு பார்த்துட்டோம். இந்த மாசமே போறோம்" என்று ஈனிட் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "அக்டோபர்லேர்ந்து என் மூஞ்சியைப் பார்க்கவே உனக்குப் பிடிக்கலை. அதை நேரா சொல்லிட்டுப் போ" என்று ஜெரால்டின் வெடித்தாள். ஈனிட் தட்டோடு எழுந்து போனாள்.

இருவரும் வெறும் அண்ணி, நாத்தனார் இல்லை. புனே கேம்ப்பில் ஒரே கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பிறகுதான் ஈனிட், ஜெரால்டினின் அண்ணன் ஆஸ்டினைக் கல்யாணம் செய்துகொண்டு அதே வீட்டுக்கு வந்தாள். ஜெரால்டின் அவளை ஒரு நாளும் அண்ணி என்று கூப்பிட்டதில்லை.

ஆனால் புதன்கிழமை காலை ஸ்கூட்டரைக் கிளப்பும்போது ஜெரால்டினுக்குச் சண்டையெல்லாம் மறந்தே போயிருந்தது. இன்று ஆராய்ச்சி வயலைச் சோதிக்கும் குழு வருகிறது. ஒன்பது வருஷ உழைப்புக்கு இன்று தீர்ப்பு.

அவள் உருவாக்கிய பட்டாணிக்கு இன்னும் பெயர் இல்லை. வெறும் எண்பத்தாறு. நன்றாகக் காய்க்கும் ஒரு ரகத்தையும், சரியாகக் காய்க்காவிட்டாலும் சாம்பல் நோய்க்கு அசைந்துகொடுக்காத ஒரு மலைப் பட்டாணியையும் கலந்து, ஆயிரக்கணக்கான செடிகளில் வருஷா வருஷம் கழித்துக் கழித்து, கடைசியில் நின்றது அது.

சாம்பல் நோய் வந்த பட்டாணி வயலைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஜனவரி பிறந்தால் போதும், இலை மேல் கோதுமை மாவைத் தூவிய மாதிரி வெள்ளை படரும். இலை கருகும், காய் சுருங்கும். விவசாயி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலு தடவை கந்தகம் தெளிப்பார். எண்பத்தாறுக்கு ஒரு தடவைகூட வேண்டாம் என்று நிரூபித்துவிட்டால், அடுத்த வருஷம் அது விவசாயி கைக்குப் போகும்.

ஹடப்சரைத் தாண்டி இருந்த ஆராய்ச்சி நிலையத்து வயலில் பனி இன்னும் காயவில்லை. அங்கே இருபது வருஷமாக வேலை செய்யும் ஷாலன் தாயி வரப்பில் நின்று கையை ஆட்டினாள். எப்போதும் நாலு வயலுக்குக் கேட்கிற குரல். இன்று எழும்பவே இல்லை.

"மேடம், இக்கடே யா" என்றாள் மராத்தியில். "இங்க வாங்க, சீக்கிரம்."

எண்பத்தாறு மூன்று பாத்திகளில் விதைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பாத்திக்கும் பக்கத்தில், நோய் உடனே பிடிக்கிற பழைய ரகம் ஒரு வரிசை. நோயைப் பரப்புவதற்கென்றே வைத்தது. அந்த வரிசைகள் மூன்றும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஷாலன் தாயி காட்டியது அதை இல்லை. நடுப் பாத்தியில், எண்பத்தாறின் கொடிகளை அவள் விலக்கிப் பிடித்திருந்தாள்.

ஜெரால்டின் குனிந்தாள். உள்ளே இருந்த இலைகளில் வெள்ளை. தொட்டாள். விரலில் மாவு ஒட்டியது.

போன வியாழக்கிழமை மேலாகப் பார்த்தபோது எதுவும் இல்லை. பட்டாணிக் கொடி ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு நிற்கும். உள்ளே கையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இருவரும் மண்டியிட்டு எண்ணினார்கள். இருநூறு செடியில் பதினொன்று.

"விதை கலந்திருக்குமோ மேடம்?"

"வாய்ப்பே இல்ல தாயி. எண்ணினது நான். பாக்கெட்டை ஒட்டினதும் நான்."

அப்படியென்றால் இரண்டில் ஒன்று. எண்பத்தாறின் எல்லாச் செடிக்கும் அந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அல்லது நோய் அதைத் தாண்டி வரக் கற்றுக்கொண்டுவிட்டது. எதுவானாலும் திரும்ப முதலிலிருந்து.

ஷாலன் தாயி சுற்றும் முற்றும் பார்த்தாள். "பதினோரு செடிதானே? பிடுங்கி எறிஞ்சிடறேன். பத்து மணிக்குத்தான் வருவாங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

ஜெரால்டினின் கை ஒரு நிமிஷம் அந்தத் தண்டின் மேலேயே இருந்தது. பிடுங்குவது அவ்வளவு சுலபம். வேர்கூட ஆழமில்லை.

"வேணாம்" என்றாள் கடைசியில். "நாளைக்கு இதை நம்பி விதைக்கிறவர் வயல்ல போய் நாமளா பிடுங்கப் போறோம்?"

சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டாள். "டாடி" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள்.

*

வானவடி வீட்டில் அவள் அப்பா வால்டர் போனை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய விஷயங்களைச் சின்னக் குரலில் சொல்வது அவர் வழக்கம்.

"ஏம்மா ஈனிட், ஜெரி அழுதா. எண்பத்தாறுல நோய் விழுந்துட்டாம். நடுப் பாத்தியிலயாம். பதினோரு செடி."

ஏரவாடாவில் தான் பாடம் நடத்தும் பள்ளிக்குக் கிளம்பி, சாவியும் கையுமாக நின்றிருந்தாள் ஈனிட். அடையாள அட்டையின் சிவப்பு நாடா கழுத்தில் தொங்கியது.

"நடுப் பாத்தியா, மாமா? மத்த ரெண்டும்?"

"அது ரெண்டும் சுத்தமா இருக்காம். ஏன் கேக்க?"

ஈனிட் தரையைப் பார்த்தாள். அதே மொசைக் தரை.

அக்டோபரில் அடித்த மழையில் ஆராய்ச்சி நிலையத்து விதை அறைக் கூரை ஒழுகியது. ஜெரால்டின் விதைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து இந்தச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எண்ணினாள். ஒரு சாயங்காலம் அவள் குளிக்கப் போயிருந்தபோது, தட்டு வைக்க இடம் பண்ணுவதற்காக ஈனிட் டிரேயை நகர்த்தினாள். ஒரு பாத்திக்கென்று ஒரே கிளிப்பில் இருந்த இரண்டு பாக்கெட்டுகள் கீழே விழுந்தன. இன்னும் ஒட்டாதவை. பட்டாணி தரையெங்கும் உருண்டது.

மழைக்குக் கரண்ட் வேறு போயிருந்தது. போன் வெளிச்சத்தில் ஈனிட் தரையில் உட்கார்ந்து பொறுக்கினாள். ஒரு பாக்கெட்டின் பட்டாணியில், முளை வரும் இடத்தில் கண் மாதிரி சின்னக் கருப்புப் பொட்டு இருந்தது. இன்னொன்றில் இல்லை. பொட்டு இருப்பதை ஒரு பக்கம், இல்லாததை ஒரு பக்கம் என்று பிரித்தாள். இரண்டிலும் இருநூறு வந்தது. கணக்கு சரி என்று மூச்சு விட்டாள்.

கணக்கு மட்டும்தான் சரி.

சொல்லியிருக்கலாம். அன்று ஜெரால்டின் மூன்று நாள் தூங்காதவள் மாதிரி இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று ஈனிட் நினைத்தாள். மறுநாள் விதைப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமானது.

ஏரவாடா பள்ளி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஆஸ்டினுக்கு போன் செய்தாள். அவன் ஹிஞ்சேவாடி போகிற கம்பெனி கேபில், டிராபிக்கில் மாட்டியிருந்தான். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு?" என்றான் அவன். "கமிட்டி முன்னாடி போய் இதைச் சொல்லப் போறியா? விதையை வீட்டுக்குக் கொண்டுவந்ததையே பிடிச்சுப்பாங்க. நல்லது பண்றேன்னு போய் அவ வேலைக்கே உலை வெச்சுடாத."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா ஒரு வருஷம் போகும். அடுத்த வருஷம் திரும்ப விதைப்பா."

"ஒரு வருஷம் இல்ல ஆஸ்டின். அவ காலையில அழுதிருக்கா. ஜெரி அழுது நீ பார்த்திருக்கியா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் போனை வைத்தாள்.

பள்ளியில் முதல் மணி அடித்தது. ஈனிட் தலைமை ஆசிரியைக்கு ஒரு வரி லீவு செய்தி அனுப்பிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள். முண்ட்வா பாலத்தில் ஒரு டெம்போக்காரர் அவளைத் திட்டினார். காதில் விழவே இல்லை.

*

குழுவில் இருவர். தலைவர் ராம்பிரசாத், வடக்கிலிருந்து வந்த மூத்த விஞ்ஞானி. பருத்தித் தொப்பி, கழுத்தில் ஷூ கயிற்றில் கட்டிய பூதக்கண்ணாடி. கூட வந்தவள் கோதை, கோயம்புத்தூர்க்காரி, பயிர் நோய் நிபுணர்.

முதல் பாத்தியைப் பார்த்தார்கள். ஒரு புள்ளி இல்லை. கடைசிப் பாத்தியும் அப்படியே. கோதை உற்சாகமாக எழுதிக்கொண்டே வந்தாள். நடுப் பாத்தியில் ஜெரால்டின் தானே கொடிகளை விலக்கிக் காட்டினாள்.

"பதினொண்ணு, சார். காலையிலதான் பார்த்தேன்."

ராம்பிரசாத் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "விதை உங்க கையால போட்டதா?" என்றார் இந்தியில்.

"என் கையாலதான்."

"கலக்க வாய்ப்பு?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல, சார்."

அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. பேனாவைத் திறந்து, படிவத்தில் கடைசிக் கட்டத்தைத் தேடினார்.

"ஜெரி! ஏய் ஜெரி!"

வரப்பில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈனிட் ஓடிவந்தாள். பின்னாலேயே வாசல் காவலாளி. ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பாக்கெட்டைக் கொட்டினது நான்" என்றாள் மூச்சிரைக்க. "அக்டோபர்ல. நீ குளிக்கப் போயிருந்தப்போ. ரெண்டு பாக்கெட். நானே பொறுக்கிப் போட்டேன். உங்கிட்ட சொல்லலை."

ஜெரால்டின் அவளையே பார்த்தாள். என்ன கேட்கிறோம் என்று புரியவே சில நொடிகள் ஆயின. அதற்குள் ஈனிட் ராம்பிரசாத் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். கொட்டியது, கரண்ட் போனது, கருப்புப் பொட்டு, இருநூறு.

"விதையை வீட்டுக்குக் கொண்டுபோனீங்களா?" ராம்பிரசாத் குரல் இறுகியது.

"ஆமா சார். கூரை ஒழுகிச்சு. அன்னிக்கே ரிஜிஸ்டர்ல எழுதி, டைரக்டர் கையெழுத்து வாங்கியிருக்கேன்." பேசிக்கொண்டிருந்த ஜெரால்டின் சட்டென்று நின்றாள். "கருப்புப் பொட்டா? ஈனிட், கருப்புப் பொட்டுன்னா சொன்ன?"

"ஒரு பாக்கெட்ல எல்லாத்துக்கும் இருந்துச்சு. கண்ணு மாதிரி."

"சார், அது நோய் பரப்பற ரகம்! அதோட விதைக்குத்தான் கருப்புக் கண். எண்பத்தாறுக்குக் கண் வெளுப்பு. அடியில இருக்கிற காய் முத்த ஆரம்பிச்சிருக்கு. பிரிச்சுப் பார்த்துடலாம்!"

பேனா மூடப்பட்டது.

கோதை முதல் நோய்ச் செடியின் அடிக்காயைப் பறித்து நகத்தால் கீறினாள். ஆறு பட்டாணி. ஒவ்வொன்றிலும் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி.

"கருப்பு" என்றாள்.

இரண்டாவது. "கருப்பு."

மூன்றாவது, நான்காவது. ஷாலன் தாயியும் சேர்ந்து மராத்தியில் எண்ண ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற சுத்தமான செடிகளிலும் பறித்துப் பார்த்தார்கள். எல்லாம் வெளுப்பு. ஒன்றில்கூடப் பொட்டு இல்லை.

"பத்துக்குப் பத்து கருப்பு" என்றாள் கோதை. அவள் குரலே மாறியிருந்தது. "பதினொண்ணாவதுல காய் இன்னும் பிஞ்சு சார். உள்ள ஒண்ணும் தெரியலை."

ராம்பிரசாத் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. "கலப்புன்னு ஒத்துக்கறேன். ஆனா கலந்த பாத்தியை வெச்சு எப்படி..."

"சார்!" ஜெரால்டின் கிட்டத்தட்டக் கத்தினாள். "ரெண்டுலயும் இருநூறு வந்துச்சுன்னா, இங்க வந்த அளவுக்கு எண்பத்தாறோட விதை நோய் பரப்பற ரகத்துப் பாக்கெட்டுக்குப் போயிருக்கணும். அந்தப் பாக்கெட் இதோ, இந்த வரிசை!"

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

பாத்திக்குப் பக்கத்திலேயே இருந்தது, வெள்ளை வெளேரென்ற அந்த நோய் வரிசை. சாக வேண்டும் என்றே விதைத்த வரிசையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தூரத்திலிருந்தே மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள்.

முதலில் ஓடியது ராம்பிரசாத்தான். அறுபது வயதுக்காரர் வரப்பைத் தாண்டிக் குதித்து, மாவு படிந்த கொடிகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டார். தொப்பி விழுந்தது.

"மில் கயா!" என்றார். கிடைத்துவிட்டது!

வெளுத்துச் சுருண்ட இலைகளுக்கு நடுவே ஒரு செடி பச்சைப் பசேலென்று நின்றது. கழுவி வைத்த மாதிரி. நான்கு பக்கமும் நோய்ச் செடிகளின் பற்றுக்கம்பிகள் அதைச் சுற்றி இறுக்கியிருந்தன. அதன் இலை மேலேயே பக்கத்துச் செடியின் மாவு உதிர்ந்து கிடந்தது. கோதை மெல்ல ஊதினாள். மாவு பறந்தது. கீழே இலை பளபளவென்று இருந்தது.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர். "ஜெரால்டின் அக்கா, ஒரு இடத்துலகூட உள்ள போக முடியலை நோய்க்கு. மூணு மாசமா அதோட மடியிலயே செடி உட்கார்ந்திருக்கு!"

"இதோ இன்னொண்ணு!" ஷாலன் தாயியின் குரல் பழையபடி நாலு வயலுக்குக் கேட்டது. "இங்க ரெண்டு!"

ஈனிட் ஒற்றைச் செருப்போடு வரிசைக்குள் இறங்கித் தேடினாள். ஒவ்வொரு பச்சைச் செடி அகப்படும்போதும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு செடியிலும் ஒரு காய் பிரித்தார்கள். கண் வெளுப்பு. மறுபடியும் வெளுப்பு.

ராம்பிரசாத் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். "முப்பது வருஷமா வயல் பார்க்கிறேன். இப்படி ஒரு பரீட்சையை நான் திட்டம் போட்டு வெச்சிருந்தாலும் வெச்சிருக்க முடியாது." பிறகு ஈனிட்டைப் பார்த்து விரலை ஆட்டினார். "அதுக்காக இனிமே விதையைக் கொட்டாதீங்க, டீச்சர்ஜி."

*

படிவம் நிரப்பும் வரை தாங்கிய ஜெரால்டின், ராம்பிரசாத் தேநீர் குடிக்கவும் கோதை வெள்ளை வரிசையை மறுபடி எண்ணவும் போனதும் ஈனிட்டின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"மூணு மாசம்! ஒரே வீட்ல! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே திரும்ப எண்ணியிருப்பேன். காலையில நான் செத்தே போயிட்டேன் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு? நான் என்னமோ உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு..."

"கோந்த்வா வீடு பார்க்கச் சொன்னது நான்தான், ஜெரி. ஆஸ்டினுக்கு இஷ்டமே இல்ல. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தரைதான் ஞாபகம் வந்துச்சு. தினம் எப்படிப் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறது?"

ஜெரால்டின் பல்லைக் கடித்தாள். கோபம் உண்மையாகவே இருந்தது. அதே நேரம் வெள்ளை வரிசைக்குள் அந்தப் பச்சை கண்ணில் நின்றுகொண்டே இருந்தது.

"சொல்லியிருந்தா" என்றாள் ஈனிட் மெதுவாக, "அந்தச் செடியெல்லாம் அங்க நின்னிருக்காது."

"வாயை மூடு" என்ற ஜெரால்டினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கோதை நோட்டோடு திரும்பி வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"வெள்ளை வரிசையை ரெண்டு தடவை முழுசா பார்த்துட்டேன், அக்கா. பச்சைச் செடி பத்துதான் இருக்கு."

"பத்தா?"

"இங்கேர்ந்து அங்க போனது பத்து. அங்கேர்ந்து இங்க வந்ததும், கருப்புக் கண்ணு உள்ளது, பத்து. அப்போ பதினொண்ணாவது நோய்ச் செடி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அந்த வரிசைக்குப் போனதுல ஒரு விதை முளைக்காம போயிருக்கலாமே" என்றாள் ஈனிட்.

"போயிருக்கலாம்" என்றார் பின்னால் வந்த ராம்பிரசாத். படிவத்தை ஜெரால்டினிடம் நீட்டினார். தேர்வு செய்யப்பட்டது என்று எழுதியிருந்தது. அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி கூடுதலாக இருந்தது. நடுப் பாத்தியில் ஒரு செடி முடிவாகவில்லை. விதை முற்றியதும் தெரிவிக்கவும்.

"கண் கருப்பா இருந்தா இந்த வரியை அடிச்சிடுவேன்" என்றார்.

"வெளுப்பா இருந்தா, சார்?"

அவர் அந்தச் செடிப் பக்கம் திரும்பினார். "வெளுப்பா இருந்தா, அது உங்க எண்பத்தாறு. நோய் அதுக்குள்ள போக வழி கண்டுபிடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்போ அடுத்த வண்டிக்கே நான் திரும்ப வருவேன்."

ஜீப் கிளம்பிப் போன பிறகு ஜெரால்டின் அந்தச் செடியின் முன்னால் மண்டியிட்டாள். இலையெல்லாம் கனமாக மாவு. தாமதமாகப் பூத்திருந்தது. மூன்றே மூன்று பிஞ்சு.

ஈனிட் கழுத்திலிருந்த சிவப்பு நாடாவைக் கழற்றி, அடையாள அட்டையைப் பையில் போட்டுவிட்டு, நாடாவைச் செடியின் பக்கத்துக் குச்சியில் இறுக்கிக் கட்டினாள்.

ஜெரால்டின் ஒரு பிஞ்சைப் பறிக்காமலே வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். பச்சைத் தோலுக்குள்ளே கடுகளவு நிழல்கள் வரிசையாகத் தெரிந்தன.

"எத்தனை நாள் ஆகும்?" என்றாள் ஈனிட்.

"பத்து. வெயில் ஏறினா எட்டு."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு." ஜெரால்டின் பிஞ்சை மெதுவாக விட்டாள். கண்கள் ஜொலித்தன. "ஆனா ஒருவேளை அது வெளுப்பா இருந்து, இந்தப் புது நோயை நாட்டுலயே முதல்ல பார்த்தது நாமதான்னு ஆச்சுன்னா..."

ஈனிட் இன்னும் கிட்டே குனிந்தாள். இரண்டு தலைகளும் லேசாக முட்டிக்கொண்டன.

"நாளைக்கு நீ கிளம்பும்போது என்னை எழுப்பு" என்றாள் ஈனிட். "நானும் வரேன்."